சைவ மட்டனுக்கு எத்தனை டிகிரி?

என் வீட்டுக்காரருக்குப் பக்தி என்று ஒன்று வந்ததே ஐம்பது வயதுக்கு மேல்தான். அது ஆண்டவர் மேல் வந்திருந்தால் சர்ச்சில் முன்வரிசையில் உட்காரவைத்துப் பெருமைப்பட்டிருப்பேன். வந்ததோ, இறைச்சிக்குள் குத்திச் சூடு பார்க்கிற ஒரு தெர்மாமீட்டர் மேல்.

நீளமான எஃகுக் கம்பி, சிவப்புக் கைப்பிடி, தலைமாட்டில் நம்பர் காட்டுகிற சின்னக் கண்ணாடி. ஆன்லைனில் வாங்கினார். பார்சலைப் பிரித்த அன்றைக்கே வீட்டில் எதையும் நம்பாத மனிதராகிவிட்டார். கொதிக்கிற சாம்பாரில் குத்தினார். என் தேத்தண்ணியில் குத்தினார். இட்லியில் குத்தி, "நடுவுல வெந்திருக்கு, பாஸ்" என்று எனக்குத் தேர்ச்சி கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இட்லியைத் தின்றுதான் அந்த உடம்பு இத்தனை பருமனாகியிருக்கிறது. அது வெந்ததா வேகாததா என்று அதுவரை அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. குளிக்க வைத்திருந்த வெந்நீரிலும் கம்பியை விட்டுக்கொண்டு நின்றபோது, "எனக்குள்ளயும் ஒரு தடவ குத்திப் பாருங்க, எவ்வளவு கொதிக்குதுன்னு தெரியும்" என்றேன். சிரித்தார். நான் கோபப்பட்டால் அவருக்கு அது தமாஷ்.

அவர் இங்கே மலாக்காவில், புக்கிட் ரம்பாயில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கியூசி சூப்பர்வைசர். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் கியூசி வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். வீட்டில் சம்பளம் இல்லாமலே செய்வார். தன்னை மட்டும் சோதித்துப் பார்க்கமாட்டார், அது அவர் டிபார்ட்மெண்ட் இல்லை.

தெர்மாமீட்டர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வாயால் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டு முன்னால், பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் கரி போட்டுக் கோழி இறக்கை சுட்டார். குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் பார்பிகியூ என்றால் அது ஆம்பளை சமையல். மற்ற நாளில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குக்கூட நம் பெயரைக் கூவுகிற ஆம்பளைகள், அன்றைக்கு மட்டும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். மசாலா அரைத்தது நான், கோழி கழுவியது நான், ஊறவைத்தது நான், சட்டி தேய்க்கப் போவதும் நான். திருப்பிப் போட்டது அவர். வந்தவர்கள் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். இறக்கை வெளியே கரி, உள்ளே ரோஸ் கலர். மறுநாள் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வயிற்றால் போனது. இவர் கொஞ்சமும் யோசிக்காமல், என் அண்ணி கொண்டுவந்த மீஹூன் நூடுல்ஸில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மீஹூன் பக்கமே போகாமல் இறக்கையை மட்டும் தின்ற எங்கள் நாய்க்கும் பேதி போனதே, அதற்கு என்ன பதில்? அண்ணி இன்றுவரை எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. இவர் சத்தம்போடாமல் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டார்.

வாங்கியதும் அதற்கு ஒரு எஸ்ஓபி, அதாவது செய்முறை விதி, வந்தது. கோவிட் காலத்தில் நாடே கற்றுக்கொண்ட வார்த்தை. ஊர் மறந்துவிட்டது, இவர் விடவில்லை. பச்சைக் கறியில் குத்திய கம்பியைக் கழுவாமல் வெந்த கறியில் குத்தக்கூடாது. ஒவ்வொரு குத்துக்கும் சோப்பு, வெந்நீர், அப்புறம் ஆல்கஹால் நனைத்த டிஷ்யூ. ஏதோ வீடியோவில் பார்த்ததை ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் எல்லோருக்கும் சொல்வார். சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறவள். ஒருத்தர் வாயில் வைத்த தெர்மாமீட்டரைக் கழுவாமல் இன்னொருத்தர் வாயில் வைத்தால் எங்கள் டாக்டர் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஆனால் இவருக்கு வாயில் எஸ்ஓபி, தோளில் துண்டு. அந்த வெள்ளைத் துண்டு இல்லாமல் இவர் அடுப்புப் பக்கம் போகமாட்டார். அதில் நெற்றி வேர்வையைத் துடைப்பார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், சூடான இரும்புப் பிடியைப் பிடிப்பார், கரிக்கையைத் துடைப்பார். யாரும் பார்க்காத நேரத்தில் கம்பியையும் அதிலேயே ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். நான் கேட்டால், "தொடச்சாச்சுல்ல, சுத்தம்தான் லா" என்பார். துண்டை யார் துடைப்பது என்று கேட்டால் சிரிப்பார்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் நடக்கிற கூத்தாக இருந்தவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் அந்தக் கம்பி என் மகளின் கல்யாணத்துக்குள்ளும் நுழைந்தது.

எங்களுக்கு மகள் ஒருத்திதான். அவள் விரும்பிய பையன் புலாவ் செபாங்காரன். சிங்கப்பூரில் வேலை, வார விடுமுறைக்கு வந்து போவான். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து நிற்பான். எனக்கு அதுவே போதும். அவர்கள் இந்து, நாங்கள் கிறிஸ்துவர்கள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா பாலர் பள்ளி டீச்சர். இந்த விஷயம் தெரிந்து வெகுநாளாகியும் அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மதம் என்கிற வார்த்தையை இரண்டு வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. எடுக்காததால்தான் அது நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் மகனிடம், "பொண்ணு வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வருவோம். அப்பறம் சொல்றேன்" என்றாராம்.

அதைக் கேட்டதும் என் மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா, அவங்க நம்ம வீட்டுல சாப்புடுவாங்களா?"

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். சம்பந்தம் பேசப் போகிற வீடு மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் அங்கே கை நனைக்கமாட்டார்கள். சிரித்துப் பேசிவிட்டு, இன்னொரு நாள் ஆகட்டும் என்று எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம். அதற்குமேல் வாயால் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரில் இந்த வழக்கம் கரையவில்லை.

"அவங்க சாப்புடலன்னா அவ்வளவுதான்மா. அவன் அவங்கள மீறி ஒண்ணும் செய்யமாட்டான்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. சின்ன வயதில் இருந்து எதற்கும் அழாத பெண்.

பையனுக்கு லீவு கிடைத்தது புரட்டாசியில். புரட்டாசி வந்தால் எங்கள் பக்கத்தில் கோழிக் கடைக்காரர் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீனர் சைவக் கடையில் நம் ஆட்கள் கூட்டம் தாங்காது. டீச்சரும் மாதம் முழுக்கச் சைவம். நான் உடனே திட்டம் போட்டேன்: வாழை இலை, சாம்பார், இரண்டு பொரியல், வடை, பாயசம். வீட்டுக்காரர் ஒரே அடியில் அதைக் கவிழ்த்தார்.

"அது வேஷம் லா. நாம கறி திங்கிறவங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா? பார்பிகியூ போடுவோம். அவங்கவங்க எடுத்துச் சாப்புடுவாங்க. யார் சாப்புட்டா, யார் சாப்புடலன்னு யாருக்கும் தெரியாது. அவங்களுக்கும் சங்கடம் இல்ல, நமக்கும் சங்கடம் இல்ல."

"பெத்தவளுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் உண்மைக் காரணம் அதுவா? புது ஆட்களுக்கு அந்தத் தெர்மாமீட்டரைக் காட்டவேண்டும், அதற்குத்தான் இத்தனையும். மகள் அப்பா பக்கம் சாய்ந்தாள். டீச்சரும், "எனக்காக எதையும் மாத்த வேணாம், எனக்குத் தனியா ஏதாச்சும் இருந்தா போதும்" என்று மகனிடம் சொல்லியனுப்பிவிட்டார். அந்தத் 'தனியா' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் எங்கள் கியூசி சூப்பர்வைசர்.

அடேயப்பா, என்ன ஏற்பாடு! சைவத்துக்கென்று புது அடுப்பு. பழைய இடுக்கிக்குச் சிவப்பு டேப், புது இடுக்கிக்குப் பச்சை டேப். எண்ணெய் தடவ செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கிப் பிரஷ் மாதிரி செய்வோம், அதிலும் சிவப்பு, பச்சை. கோழி சுட்ட கரியை எடுத்துப் பச்சை அடுப்பில் போடக்கூடாது என்று எனக்கும் மகளுக்கும் கிளாஸ் எடுத்தார். ஒரு மேஜையில் வெந்நீர்ப் பிளாஸ்க், சோப்புத் தண்ணீர், டிஷ்யூ, ஆல்கஹால் பாட்டில் எல்லாம் வரிசையாக வைத்து, தெர்மாமீட்டரை ஒரு கிளாசில் நிறுத்தினார். எத்தனை தெர்மாமீட்டர்? ஒன்று. அது அவர் மண்டையில் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் மண்டையிலும் உறைக்கவில்லை. கறிக்கு வாங்கிய கம்பிக்குச் சைவத்தில் என்ன வேலை இருக்கப்போகிறது?

சைவத்துக்கு மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காளான், அப்புறம் சைவ மட்டன். சோயாவில் செய்து, கலர் கொடுத்து, நார் நாராகப் பிய்கிற மாதிரி வைத்திருப்பார்கள். கறியே வேண்டாம் என்று விரதம் இருக்கிறவர்கள், கறி மாதிரியே இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்குகிற பொருள். நான் குறை சொல்லவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறியைத் தியாகம் செய்துவிட்டுப் பெரிய இறாலாகப் பார்த்து வாங்குகிற கூட்டம்தான் நாங்களும். ஆட்டுக்கு அரைத்த மசாலாவையே தனிச் சட்டியில் சைவ மட்டனுக்கும் தடவிக் குச்சியில் கோத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற ஆடே குழம்பிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். டீச்சர் சின்ன உருவம், காட்டன் சேலை, மெல்லிய குரல். வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்களை எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி பொறுமையாகப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கம்பியை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்று பாடம் நடத்த ஆரம்பித்தார். கோழிக்கு எழுபத்தஞ்சு டிகிரி, அதற்குக் கீழே என்றால் கிருமி சாகாது, ஒவ்வொரு குத்துக்கும் எப்படிக் கழுவவேண்டும், எல்லாம்.

"வெரி குட் அண்ணே" என்றார் டீச்சர். அடுத்து நெற்றியில் ஒரு ஸ்டார் ஒட்டுவார் போல இருந்தது. இவருக்கோ தலைகால் புரியவில்லை.

நான் கொடுத்த தேத்தண்ணியை டீச்சர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை. என் மகள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் அரை மணி நேரம் எஸ்ஓபி கோளாறில்லாமல் நடந்தது. குத்துவார், மேஜைக்குப் போவார், கழுவுவார், துடைப்பார், வருவார். நானே கொஞ்சம் அசந்துபோனேன். அப்போதுதான் மழை வந்தது. மலாக்கா மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. வானம் இருட்டுகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் நனைந்திருப்போம். "தூக்கு, தூக்கு" என்று ஒரே கூச்சல். பையனும் இவரும் இரண்டு அடுப்பையும் இழுத்துக் கார் நிறுத்துகிற கூரைக்குக் கீழே கொண்டுவந்து ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்தினார்கள். கோழியைக் காப்பாற்றினார்கள், கரியைக் காப்பாற்றினார்கள், இவர் துண்டைக்கூடக் காப்பாற்றினார். கழுவுகிற மேஜை மட்டும் மழையில் நின்றது. டிஷ்யூ கூழாகிவிட்டது. இவர் அதைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார்.

நான் வெள்ளரிக்காய்த் தட்டோடு கதவுப் பக்கம் வந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தக் கையையே பார்த்தேன். கோழித் தொடையில் குத்தினார். "அறுபத்தெட்டு. இன்னும் வேகல" என்றார். கம்பி முனையில் ரோஸ் தண்ணீர் வழிந்தது. துண்டில் ஒரு இழுப்பு. அடுத்து ஆட்டில் குத்தினார். மறுபடி துண்டு. அப்புறம் அந்தக் கை அப்படியே பக்கத்து அடுப்புக்குப் போயிற்று. அதே கலர், அதே மசாலா, அதே குச்சி. கை பழகின வேலையைச் செய்தது. சைவ மட்டனில் குத்திக் கண்ணாடியைப் பார்த்து, "எண்பத்திரண்டு! பாஸ்!" என்றார்.

சோயாவுக்கு எதற்கய்யா எண்பத்திரண்டு? அதற்குள்ளே எந்த ஆட்டின் ரத்தம் ஓடுகிறது?

அதைத் தட்டில் எடுத்துப் போடும்போது பச்சை டேப் ஒட்டிய இடுக்கியைத்தான் எடுத்தார். அதில் அவர் தவறவே இல்லை. பையன் தட்டை வாங்கிக்கொண்டு போய் அம்மா கையில் கொடுத்தான்.

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை மடியில் வைத்தார். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிற மாதிரி நடித்தோம். என் மகள் மட்டும் நடிக்கவில்லை. டீச்சர் குச்சியிலிருந்து ஒரு துண்டைக் கையால் உருவி எடுத்தார். கையால்! கை நனைக்கிறார்!

பேசாமல் இருந்தால் கல்யாணம். வாய் திறந்தால் எல்லாம் போச்சு. துடைத்தார்தானே என்று மனசு ஒரு பக்கம் வக்காலத்து வாங்கியது. யாருக்கும் தெரியப்போவதில்லை, இத்துனூண்டு கம்பி, என்றது. அந்த அம்மா துண்டை வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்பிள்ளை மாசம் பூராவும் வாயைக் கட்டியிருக்கிறாள். அவள் நாக்கில் என் வீட்டுக் கோழித் தண்ணியைத் தடவியா என் மகளுக்குத் தாலி வாங்கவேண்டும்?

"சாப்புடாதீங்க டீச்சர்!"

கத்திவிட்டேன். மழைச் சத்தத்தையும் மீறி எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். சம்பந்தி ஆகவேண்டியவளைப் பார்த்து, சாப்பிடாதே என்று கத்திய முதல் பெண்வீட்டு அம்மா இந்த மலாக்காவில் நானாகத்தான் இருப்பேன். டீச்சர் கை பாதி வழியில் நின்றது.

"ஏய், என்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"கோழியில குத்துன கம்பிய அதுல குத்திட்டீங்க. நான் பாத்தேன்."

"தொடச்சேனே!"

"எதுல?"

இவர் மகா யோக்கியராகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சாட்சி காட்டுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். காட்டாமலே இருந்திருக்கலாம். கரி ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், கோழிக் கொழுப்பு, வேர்வை, நடுவில் ரோஸாக ஒரு கோடு. அதைப் பார்த்தபிறகு கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்த பையனும் தட்டைக் கீழே வைத்துவிட்டான். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் என் மகள் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மழை அந்த நேரம் பார்த்துக் குறைந்து தொலைத்தது.

"ஆன்ட்டிக்குத் தெரியாமலே போயிருக்கும்லம்மா. ஏன்மா இப்புடிச் செஞ்சீங்க?"

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தார். கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்து, தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்தார். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப உள்ளே தள்ளமுடியுமா? எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நான் கத்தாமல் இருந்திருந்தால் அவள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள். அந்தத் தோள் துண்டோடு சேர்த்து என் வீட்டுக்காரரையும் கரியில் போட்டுத் திருப்பலாமா என்றுகூட வந்தது.

டீச்சர் எழுந்தார். பையன் கார்ச் சாவியைத் தேடினான்.

"தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து. "பார்பிகியூன்னு சொல்லி இவன் என்னய மத்தியானம் சாப்புட விடல. பசிக்குது. வெறும் சோறு இருக்கா?"

இருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். போன பிறகுதான் உறைத்தது. என் சமையலறையில் மீன் படாத பாத்திரம் எது? ஒரு தடவை உண்மை சொல்லத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியவில்லை. தட்டை எடுத்தேன், "இதுல நேத்து நண்டு" என்று வைத்தேன். கிண்ணத்தை எடுத்தேன்; "இறால் அரைச்ச பெலாச்சான் சம்பல்" என்று வைத்தேன். கத்தி, பலகை, வாணலி, ஒவ்வொன்றாகக் காட்டி ஒவ்வொன்றின் பாவத்தையும் சொன்னேன். சாமியாரிடம்கூட நான் அத்தனை சுத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை.

"ஊறுகாய் இருக்கு, புது பாட்டில், இன்னும் தொறக்கல" என்றேன். டீச்சர் முகம் மலர்ந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். "நெத்திலி ஊறுகாய்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் தேறியது சோற்றுச் சட்டி. அது சோற்றைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. பிரியாணிக்கு வேறு சட்டி. அப்புறம் மூடி பிரிக்காத தயிர் டப்பா. உப்பு. பையன் மழையில் பின்கட்டுக்கு ஓடி எங்கள் வாழையில் ஒரு இலையைக் கையாலேயே கிழித்துக்கொண்டு வந்தான். கத்தி கேட்டால் நான் அதற்கும் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம். இலையைக் கழுவி மேஜையில் போட்டு, சட்டியைச் சாய்த்துத் தட்டிச் சோற்றை விழவைத்தேன். தயிர் டப்பாவையும் அப்படியே கவிழ்த்தேன். டீச்சர் கை கழுவிவிட்டு வந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் எடுத்தார்.

சாப்பிட்டார்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாசலில் இருந்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "சாப்புடுறாங்களா?" என்று கையால் கேட்டார். போங்க அந்தப் பக்கம் என்று கையாலேயே விரட்டினேன்.

ஆனால் சாப்பிட்டது என் சோற்றை. என் மகளிடம் அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள், உள்ளே வரப் பயந்து. இலையில் சோறு குறைந்தது. டீச்சர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார்.

அவள் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் தொட்டியோரம் கவிழ்த்து வைத்திருந்த கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் விடப்போனாள்.

"அந்தக் கரண்டி?" என்று கேட்டார் டீச்சர்.

கரண்டி பளபளவென்று இருந்தது. புதுசு என்று சொல்லியிருக்கலாம். சோற்றுக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். இது நான் சொல்லக்கூடாதது.

"நேத்து மீன் கொழம்பு ஊத்துன கரண்டி, ஆன்ட்டி" என்றாள். "கழுவியாச்சு. ஆனா மீன் கொழம்புக் கரண்டிதான்."

டீச்சர் இலையைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப கையக் கழுவிட்டு வா. கையால போடு."

அவள் தொட்டிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டாள். திரும்பவும் போட்டாள். ஈரக் கையோடு வந்து சட்டிக்குள் கையை விட்டு, ஒரு பிடி சோற்றை எடுத்து இலையில் வைத்தாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. டீச்சர் சிந்தியதையும் எடுத்து இலையில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.